காடு சாயும் விதம்: காற்று, வறட்சி, பட்டை வண்டு

ஜெர்மனியின் நடுப்பகுதியில் ஹார்ட்ஸ் என்றொரு மலைத்தொடர் உண்டு. அதன் மிக உயர்ந்த சிகரமான புரோக்கனுக்கு இன்றும் நீராவி ரயில் ஓடுகிறது. முன்பெல்லாம் அந்த ரயில் கரும்பச்சைக் காட்டுக்குள் ஏறிச் சென்றது. இப்போது பாதையின் இருபுறமும் பட்டை உரிந்த மரங்கள் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன; பல சரிவுகளில் அவையும் இல்லை. இந்த மரங்கள் தீயில் கருகவில்லை. கோடரிக்கும் இரையாகவில்லை. ஒரு குளிர்காலப் புயல், அதையடுத்து வந்த மூன்று வறண்ட கோடைகள், அரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு வண்டு ஆகிய மூன்றும் சேர்ந்து இதைச் செய்து முடித்தன.

ஜெர்மன் விண்வெளி மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டபடி, 2018 ஜனவரிக்கும் 2021 ஏப்ரலுக்கும் இடையில் அந்நாடு இழந்த மரப்பரப்பு சுமார் 5 லட்சம் ஹெக்டேர். நாட்டின் மொத்தக் காட்டில் இது ஏறக்குறைய 5 சதவீதம். வனவியலை ஒரு பாடமாக வகுத்து உலகுக்குக் கற்றுத்தந்த நாட்டில் இது நடந்திருக்கிறது.

புயலைத் தனியாகவும் வறட்சியைத் தனியாகவும் வண்டைத் தனியாகவும் பார்த்தால் இந்தச் சாவு விளங்காது. ஒன்று திறந்துவிட்ட வாசல் வழியாக அடுத்தது உள்ளே வருகிறது. சூடேறும் காலநிலை அந்த வாசல்களை அகலமாக்குகிறது. ஆனால் முதல் வாசலை வைத்தவர்கள், காட்டை நட்ட மனிதர்களே. ஆகவே காட்டை நட்ட கதையிலிருந்து தொடங்குவோம்.

வரிசையில் நட்ட காடு

நடு ஐரோப்பாவின் தாழ்நிலங்களிலும் குன்றுகளிலும் இயற்கையாக வளரக்கூடியவை பீச், ஓக் போன்ற அகன்ற இலை மரங்கள். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்துக்குச் சொந்த இடம் குளிர்ந்த உயர்மலைகளும் வடதிசை நாடுகளும்தான். கிறிஸ்துமஸ் மரமாக நாம் படங்களில் பார்க்கும் கூம்பு வடிவ மரம் அது.

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சுரங்கங்களும் உப்பு காய்ச்சும் ஆலைகளும் கண்ணாடிச் சூளைகளும் காடுகளைத் தின்று தீர்த்தன. விறகு கிடைக்காமல் சுரங்கத் தொழில் நின்றுவிடும் என்ற அச்சம் எழுந்தது. சாக்சனி நாட்டின் சுரங்க நிர்வாகியான ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் 1713இல் ஒரு நூல் எழுதினார். வளர்கிற அளவுக்குமேல் வெட்டக் கூடாது, வெட்டிய இடத்தில் மீண்டும் வளர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல கொள்கை. ஆனால் அதைச் செயல்படுத்திய தலைமுறைகள் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் ஒரே மரத்தை.

ஸ்ப்ரூஸ் நாற்றங்காலில் எளிதாக முளைக்கும். நிழலில்லாத வெட்டவெளியிலும் பிழைக்கும். நேராக, வேகமாக உயரும். உத்தரம், பலகை, காகிதம் என எதற்கும் விலைபோகும். மான்களும் மற்ற கன்றுகளைவிட இதைக் குறைவாகவே மேயும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இன்னொரு அலை வந்தது. போர் ஈட்டுத்தொகைக்காகவும் குளிர்காய விறகுக்காகவும் வெட்டித் தீர்த்த சரிவுகளில் ஏழைப் பெண்கள் கூலிக்குக் கன்று நட்டார்கள். அவர்களின் உழைப்பைப் போற்றும் வகையில் மேற்கு ஜெர்மனியின் 50 ஃபெனிக் நாணயத்தில் ஒரு பெண் கன்று நடும் உருவம் பொறிக்கப்பட்டது. நாணயத்தில் இருந்தது ஓக் கன்று; மண்ணில் நட்டவற்றில் பெரும்பாலானவை ஸ்ப்ரூஸ்.

பக்கத்து நாடான செக் குடியரசில் நிலைமை இன்னும் கடுமை. இயற்கையாக விட்டிருந்தால் அந்நாட்டுக் காட்டில் ஸ்ப்ரூஸின் பங்கு பத்தில் ஒன்றை ஒட்டியே இருந்திருக்கும். நட்டதால் அது பாதியானது. ஒரே இனம், ஒரே வயது, ஒரே உயரம், ஒரே ஆழத்தில் வேர். குளிர்ந்த, ஈரமான பழைய காலநிலையில் இந்தக் காடு நன்றாகவே பலன் தந்தது. அந்தக் காலநிலை நீடிக்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் அது நின்றது.

காற்று

மரத்தின் மீது காற்று செலுத்தும் விசை, காற்றின் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் 140 ஆனால் விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். மரம் உயர உயர, அந்த விசை அடிமரத்தையும் வேரையும் நெம்பும் பலமும் கூடுகிறது. அதைத் தாங்குவது வேரும் மண்ணும்.

இங்கே ஸ்ப்ரூஸுக்கு இரண்டு பலவீனங்கள். பல மண்வகைகளில் அதன் வேர் ஆழத்துக்குப் போகாமல் தட்டையாகப் பரவுகிறது. அடுத்தது இலை. ஐரோப்பாவின் பெரும்புயல்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில் அடிப்பவை. அப்போது பீச்சும் ஓக்கும் இலையுதிர்த்து வெறும் கிளையோடு நிற்கும். காற்று ஊடுருவிப் போய்விடும். ஊசியிலை உதிராத ஸ்ப்ரூஸோ விரித்த பாயைப் போல் முழுக் காற்றையும் ஏற்கிறது.

1999 டிசம்பர் 26 அன்று லோதர் என்ற புயல் வட பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, தென்மேற்கு ஜெர்மனி வழியாகச் சில மணி நேரத்தில் கடந்து போனது. தென்மேற்கு ஜெர்மனியின் கருங்காடு என்ற மலைப்பகுதியின் உச்சியான ஃபெல்ட்பெர்க்கில் காற்று மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியது. மறுநாளே மார்ட்டின் என்ற இன்னொரு புயல் தென் பிரான்ஸைத் தாக்கியது. இரண்டும் சேர்ந்து சாய்த்த மரம் 20 கோடி கன மீட்டருக்கு மேல். சுவிட்சர்லாந்து மட்டும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் வெட்டும் மரத்தை ஒரே நாளில் இழந்தது. 2005 ஜனவரியில் தென் ஸ்வீடனில் குட்ருன் புயல் சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது; அதில் பெரும்பகுதி ஸ்ப்ரூஸ். 2018 அக்டோபர் 29 அன்று வையா புயல் வடகிழக்கு இத்தாலியின் மலைகளில் 80 லட்சம் கன மீட்டருக்கு மேல் வீழ்த்தியது. வயலின் செய்யப் பயன்படும் ஒலிநயமிக்க ஸ்ப்ரூஸ் வளரும் பள்ளத்தாக்குகளும் அதில் அடக்கம்.

இத்தகைய புயல்கள் எண்ணிக்கையில் பெருகுமா என்ற கேள்விக்கு ஆய்வாளர்களிடையே ஒரே முடிவு இல்லை. ஆனால் அதே வேகத்தில் அடிக்கும் காற்று இனி அதிக மரத்தைச் சாய்க்கும் என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. வடக்கு நாடுகளில் முன்பு குளிர்காலம் முழுதும் நிலம் உறைந்து கிடக்கும். உறைந்த மண் வேரை இறுகப் பிடித்துக்கொள்ளும். இப்போது அந்த உறைபனி நாட்கள் குறைகின்றன. பனியாக விழ வேண்டியது மழையாக விழுந்து மண்ணைச் சேறாக்குகிறது. சேற்றில் நிற்கும் மரத்தைச் சாய்க்கக் குறைந்த காற்றே போதும்.

ஒரே வயதுக் காட்டுக்கு மற்றொரு ஆபத்தும் உண்டு. காற்றில் ஆடி வளரும் மரம் தடித்த அடியும் உறுதியான வேரும் பெறுகிறது. நெருக்கமாக நட்ட காட்டின் உட்புறத்தில் வளரும் மரத்துக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. ஓரத்து மரங்கள் விழுந்ததும், காற்றையே அறியாத உள்வரிசை மரங்கள் நேரடியாக அதன் முன் நிற்க நேர்கிறது. அடுத்த புயலில் அவை விழுகின்றன.

வறட்சி

மரம் தண்ணீரைக் கீழிருந்து தள்ளுவதில்லை, மேலிருந்து இழுக்கிறது. இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகும்போது, வேர் முதல் நுனி வரை தண்டுக்குள் அறுபடாமல் ஓடும் நீர் இழை மேலே இழுபடுகிறது. மண்ணில் ஈரம் குறைந்து, காற்றின் தாகம் கூடும்போது அந்த இழுப்பு அளவு மீறுகிறது. நீர் இழை அறுந்து, நுண்குழாயில் காற்றுக்குமிழி புகுந்து அடைத்துக்கொள்கிறது. அப்படி அடைபட்ட குழாய்கள் பெருகினால் கிளை காய்கிறது. பிறகு மரமே காய்கிறது.

இதைத் தவிர்க்க ஸ்ப்ரூஸ் இலைத்துளைகளைச் சீக்கிரமே மூடிவிடும். நீர் மிச்சமாகும். ஆனால் அதே துளை வழியாகத்தான் கரியமில வாயுவும் உள்ளே வர வேண்டும். துளை மூடிய மரம் உணவு சமைக்க முடியாமல், சேமிப்பை எடுத்துச் சாப்பிடுகிறது. ஒரு கோடை இப்படிப் போனால் தாங்கும். 2018, 2019, 2020 என மூன்று கோடைகள் அடுத்தடுத்துக் காய்ந்தன. சேமிப்பு தீர்ந்தது.

மழை குறைவது மட்டுமே வறட்சி என்று எண்ணிவிடக் கூடாது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால், அது கொள்ளக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடுகிறது. அந்தக் கூடுதல் தாகத்தை மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும்தான் காற்று தீர்த்துக்கொள்கிறது. அதே அளவு மழை பெய்தாலும் மண் முன்பைவிட விரைவில் காய்கிறது. 1980களிலிருந்து உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஐரோப்பா சூடேறி வருகிறது. தட்டை வேர் கொண்ட ஸ்ப்ரூஸுக்கு மேல்மண் காய்ந்துவிட்டால் ஆழத்து நீரைத் தேட வழியில்லை. புயலில் அதைக் காட்டிக்கொடுத்த அதே வேர் வறட்சியிலும் காட்டிக்கொடுக்கிறது.

பட்டை வண்டு

ஸ்ப்ரூஸின் பட்டைக்கடியில் வாழும் ஒரு வண்டினம் உண்டு. ஐந்து மில்லிமீட்டர் நீளம், பழுப்பு நிறம். அது காட்டுக்குப் புதியதல்ல. ஐரோப்பாவில் ஸ்ப்ரூஸ் இயற்கையாக வளரும் இடங்களில் ஆதியிலிருந்தே இருக்கிறது. சாதாரண ஆண்டுகளில் விழுந்த மரத்திலும் சாகும் தறுவாயில் இருக்கும் மரத்திலும் குடும்பம் நடத்திவிட்டுப் போகும். நலமான மரத்தைத் துளைத்தால், மரம் பிசினைச் சுரந்து வண்டை மூழ்கடித்து வெளியே தள்ளிவிடும். அந்தப் பிசின்தான் மரத்தின் காவல்.

வறட்சியில் வாடிய மரத்துக்குப் பிசின் சுரக்கப் போதிய வலு இல்லை. முதலில் வரும் ஆண் வண்டு பட்டையைத் துளைத்து உள்ளே போய், மரத்தின் பிசினில் உள்ள பொருளையே மாற்றி ஓர் ஈர்ப்பு மணத்தை உண்டாக்குகிறது. அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் மற்ற வண்டுகள் வந்து இறங்குகின்றன. பெண் வண்டுகள் பட்டைக்கடியில் நேர்கோடாகச் சுரங்கம் குடைந்து, இருபுறமும் முட்டையிடுகின்றன. புழுக்கள் பக்கவாட்டில் தின்றுகொண்டே போகின்றன. இலையில் சமைத்த உணவை வேருக்குக் கொண்டுபோவது உட்பட்டை. அதைச் சுற்றிலும் தின்றுவிட்டால் வேர் பட்டினி கிடக்கும். வண்டோடு சேர்ந்து வரும் ஒரு பூஞ்சை நீர்க்குழாய்களை அடைக்கிறது. சில வாரங்களில் மரத்தின் கதை முடிந்துவிடும்.

புயல், வறட்சி, வெப்பம் மூன்றும் இங்கேதான் ஒன்றுசேர்கின்றன. புயல் சாய்த்த மரங்கள் பல மாதங்களுக்கு உட்பட்டை ஈரமாக, ஆனால் எதிர்க்கும் சக்தி இல்லாமல் கிடக்கின்றன. வண்டுக்கு அது பெருக்கக் களம். அங்கே பெருகிய கூட்டம் அடுத்த கோடையில் பறந்து எழும்போது, பக்கத்தில் வறட்சியில் வாடிய மரங்கள் காவலின்றி நிற்கின்றன. காற்றின் வெப்பம் 16 டிகிரியைத் தாண்டினால்தான் இந்த வண்டு பறக்கும். வசந்தம் முந்தி வந்தால் பறப்பும் முந்துகிறது. முன்பு குளிர்ந்த மலைகளில் ஆண்டுக்கு ஒரு தலைமுறை, தாழ்நிலத்தில் இரண்டு தலைமுறை என்றிருந்தது. நீண்ட வெப்பமான கோடைகளில் மூன்றாவது தலைமுறையும் முற்றி வெளிவருகிறது. ஒவ்வொரு தலைமுறையும் பல மடங்கு பெருகுவதால், ஒரே ஒரு கூடுதல் தலைமுறை போதும், காட்டின் கணக்கு தலைகீழாகிவிடும்.

செக் குடியரசில் இந்தக் கணக்கு எந்த அளவுக்குப் போனது என்பதை 2020ஆம் ஆண்டின் வெட்டு காட்டுகிறது. வழக்கமாக ஆண்டுக்குச் சுமார் 1.5 கோடி கன மீட்டர் வெட்டும் அந்நாடு அந்த ஆண்டில் 3.5 கோடி கன மீட்டருக்கு மேல் வெட்டியது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல், செத்த அல்லது சாகும் மரங்களை அப்புறப்படுத்தியது.

காட்டோடு சேர்ந்து போனவை

இவ்வளவு மரம் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் விலை வீழும். நூறாண்டு காத்திருந்து வெட்டும் காட்டுக்காரருக்கு வெட்டுக்கூலிகூடத் தேறாத நிலை வந்தது. குட்ருனுக்குப் பிறகு ஸ்வீடனில் பைஹோல்மா என்ற பழைய விமானத் தளத்தில் சுமார் பத்து லட்சம் கன மீட்டர் மரத்தை அடுக்கி, வண்டும் பூஞ்சையும் அண்டாமல் தண்ணீர் தெளித்துக் காத்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து முறுக்கேறிக் கிடக்கும் மரங்களை அறுப்பது மிக ஆபத்தான வேலை. புயலில் தப்பிப் பிழைத்தும், துப்புரவுப் பணியில் உயிரிழந்த தொழிலாளர்கள் பலர்.

ஆல்ப்ஸ் மலையில் காடு என்பது மரச்சரக்கு மட்டும் அல்ல. ஊரைக் காக்கும் அரண். சுவிட்சர்லாந்தின் காட்டில் ஏறக்குறைய பாதி, பனிச்சரிவும் பாறைச்சரிவும் வீடுகள் மேல் இறங்காமல் தடுக்கும் காவல் காடு. மரம் போன சரிவில் பனி நழுவத் தடையில்லை. விழுந்த மரங்களைக் குறுக்கே கிடக்கவிட்டால் சில பத்தாண்டுகள் தாங்கும். அவை மக்குவதற்குள் புதுக் காடு எழும்பியாக வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது கரிமக் கணக்கு. உலகைச் சூடேற்றும் கரியமில வாயுவை உறிஞ்சி நம்மைக் காக்கும் என்று நம்பப்பட்டது காடு. 2024 அக்டோபரில் வெளிவந்த ஜெர்மனியின் நான்காவது தேசிய வனக் கணக்கெடுப்பு, 2017க்குப் பின் அந்நாட்டுக் காடுகளில் சேர்ந்திருந்த கரிமத்தில் 4 கோடி டன்னுக்கு மேல் குறைந்துவிட்டதைக் காட்டியது. வாங்கி வைக்க வேண்டிய காடு திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. வெப்பம் காட்டைக் கொல்ல, செத்த காடு வெப்பத்தைக் கூட்டுகிறது.

மருந்து எங்கே

விழுந்த மரத்தை உடனே அப்புறப்படுத்துவதா, கிடக்கட்டும் என்று விடுவதா என்பது பழைய வழக்கு. பட்டை ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் வண்டின் பெருக்கம் குறையும். ஆகவே தொழிற்காடுகளில் எடுப்பது நியாயம். ஆனால் முற்றிலும் காய்ந்த மரத்தில் இந்த வண்டு குடியேறாது. அதை எடுப்பதால் வண்டு குறையப் போவதில்லை. நிழலும் ஈரமும் உயிரினங்களுமே குறையும்.

பவேரியக் காட்டுத் தேசியப் பூங்கா இதற்குச் சாட்சி. 1970இல் தொடங்கிய அது ஜெர்மனியின் முதல் தேசியப் பூங்கா. 1983இல் புயல் மரங்களைச் சாய்த்தபோது, பூங்காவின் மையப்பகுதியில் அவற்றை அப்படியே விடுவது என முடிவெடுத்தார்கள். வண்டு பெருகியது, அடுத்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் ஸ்ப்ரூஸ் செத்தது. சுற்றுவட்டார மக்கள் கொதித்தார்கள். அவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது, கண்முன்னே அவர்கள் ஊர்க் காடு சாம்பலாக நின்றது. ஆனால் செத்த மரங்களுக்கிடையே யாரும் நடாமலேயே இளங்காடு எழுந்தது. பழைய காட்டில் ஒரே உயரம்; புதிய காட்டில் பல வயது, பல உயரம். மக்கும் மரத்தை நம்பி வாழும் அரிய பூஞ்சைகளும் வண்டினங்களும் மூவிரல் மரங்கொத்தியும் திரும்பின.

எல்லா இடத்திலும் இப்படிக் காத்திருக்க முடியாது. மற்ற காடுகளில் வனத்துறையினர் செய்வது கலப்பு. ஸ்ப்ரூஸின் நிழலில் பீச், ஆழமாக வேரிறக்கும் வெள்ளி ஃபிர், ஓக், மேப்பிள் எனப் பல இனங்களை வளரவிடுகிறார்கள். ஆனால் கன்றுகளை மான் மேய்ந்துவிட்டால் கலப்பு ஏட்டோடு நின்றுபோகும். அதனால் மான் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் வேட்டையும் காட்டு மருத்துவத்தின் ஒரு பகுதியாகிறது.

மாற்று இனம் ஒன்றைக் கண்டுபிடித்து அதையே எங்கும் நட்டால் பழைய பிழை புதுப் பெயரில் திரும்பி வரும். 2018, 2019 வறட்சியில் துரிங்கியா மாநிலத்தின் ஹைனிக் தேசியப் பூங்காவில் பீச் மரங்களும் உச்சி காய்ந்து செத்தன. இந்த மண்ணின் சொந்த மரம் என்று நம்பிய பீச்சுக்கே இந்தக் கதி. எந்த மரம் தாங்கும் என்று அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாத காலத்தில், பல மரங்களை வைத்திருப்பதே காப்பு. ஒன்று சாய்ந்தால் இன்னொன்று நிற்கும். இன்று நடும் கன்று 2100இலும் நிற்க வேண்டியது. அந்த வெப்பத்தை மனத்தில் வைத்தே இன்று நட வேண்டும்.

நம் மலைகளுக்கு

1864இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளராகப் பொறுப்பேற்றவர் டீட்ரிக் பிராண்டிஸ், ஜெர்மனியின் பான் நகரைச் சேர்ந்த தாவரவியலர். அவருக்குப் பின் வந்த ஷ்லிக், ரிப்பன்ட்ராப் இருவரும் ஜெர்மானியர்களே. வளர்ச்சியை அளந்து, வயதைக் கணக்கிட்டு, வெட்டையும் நடவையும் திட்டமிடும் அந்த மரபு நம் வனத்துறையின் அடித்தளத்திலும் இருக்கிறது. அதில் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒழுங்கு நிறைய உண்டு. விட்டுவிட வேண்டியது, ஒரே இனத்தை மலை மலையாக நடும் வழக்கம்.

நீலகிரியின் புல்வெளிகளில் ஒரு காலத்தில் பரப்பிய சீகை, கற்பூர மரம், பைன் தோப்புகள் இன்றும் நிற்கின்றன. வானிலைச் சீற்றமும் நமக்கு அந்நியமல்ல: அதே மலையின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் டெல்டாவில் கரையேறியபோது, வரிசை வரிசையாக நின்ற தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்ததை நாம் பார்த்தோம். தோப்பு காடு அல்ல; ஆனாலும் ஒரே மரத்தை நம்பி நிற்பதன் விலை இரண்டுக்கும் ஒன்றே.

ஆகவே மரம் நடும் திட்டம் ஒன்று உங்கள் ஊருக்கு வரும்போது, எத்தனை லட்சம் கன்று என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை இனம், எந்த மண்ணுக்கு, எந்த வேர், ஐந்து ஆண்டு கழித்து யார் பார்த்துக்கொள்வார்கள் என்றும் கேளுங்கள். சோலையும் புல்வெளியும் இன்னும் மிஞ்சியிருக்கும் இடத்தில் எதையும் நடாமல் காப்பதே முதல் கடமை என்று சொல்லுங்கள். காற்றை நிறுத்த நம்மால் ஆகாது. அது அடிக்கும்போது எப்படிப்பட்ட காடு அதன் முன் நிற்கும் என்பதை முடிவு செய்ய முடியும். அந்த முடிவை இப்போதே எடுத்தாக வேண்டும்.